மனு எண் 37

தூண்பாறை தெரியட்டும் என்று
நாற்பது நிமிடம் காத்து நின்றது பேரவைக் குழு.
மஞ்சு விலகவில்லை.
தேநீர் முடித்து, மஃப்ளர் இறுக்கி,
நகராட்சிக் கூட்ட அறைக்கு வந்து சேர்ந்தோம்.
நான் சுருக்கெழுத்தர்.
மேசையின் கடைசி முனை, ஹீட்டர் எட்டாத இடம்.

மனு எண் 37. பூம்பாறை பொன்னுருவி.
ஒதுக்கிய நேரம் ஆறு நிமிடம்.

ஐந்து பிரதி கேட்டிருந்தோம்.
கரண்ட் போனதால் ஜெராக்ஸ் மூன்றுதான் கிடைத்ததாம்.
மற்ற இரண்டும் மகள் கையால் எழுதியவை.
ஆஸ்பத்திரி பில்லைக்கூட அடிக்கோலால் கட்டம் போட்டு
பைசா மாறாமல் பார்த்து எழுதியிருந்தாள்.

"கையுறை நாப்பத்திரெண்டு ஜோடின்னு போட்டிருக்குங்க,
மூணு நாளைக்கு.
அத்தனை கையில ஒரு கைகூட
அவர் கையப் பிடிச்சு நான் பாக்கலைங்க."

உடலை வாங்கப் போன கவுண்டரில்தான்
பில் கடனாக மாறியது.
பூண்டு உரித்துத் தேய்ந்த ரேகையை
மெஷின் ஏற்கவில்லை.
பெருவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி பெருவிரல்.
இடதுகைச் சுண்டுவிரலைக் கடைசியில் சரி என்றது.
"எதுக்குன்னு சொல்லலை. நானும் கேக்கலை.
ஆம்புலன்ஸ்காரர் வண்டிய ஆஃப் பண்ணாம நின்னார்."

வாங்கியது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
கட்டியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
பாக்கி இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம்.
காவிரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து கூட்டினார்.

வத்தலக்குண்டிலிருந்து பைக்கில் வருகிறார்கள் இரண்டு பேர்.
வீட்டுக்கு வருவதில்லை,
பூண்டு எடைபோடும் இடத்துக்கு வருகிறார்கள்.
தராசு நிற்பதற்குள் தொகையை உரக்கச் சொல்கிறார்கள்.
மகள் வகுப்பு வாட்ஸப் குழுவில்
அப்பாவின் படம் வந்தது.
செத்தவர் படத்தின் கீழே
'தலைமறைவு' என்று போட்டிருந்தது.

"காலை எட்டுக்கு முன்னாடி, மாலை ஏழுக்குப் பின்னாடி
அழைக்கக் கூடாதுன்னு விதி இருக்கே?" என்றார் தலைவர்.
"எட்டு ஒண்ணுக்குத்தாங்கய்யா கூப்பிடுறாங்க.
விதி அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

கட்டணம் சுகாதாரத் துறை.
கடன் மத்திய அரசு.
மிரட்டல் காவல் துறை, எழுத்துமூலம் வந்தால்.
மூன்று அதிகாரிகள் எழுந்தார்கள், மூன்று பேரும் அமரப் போனார்கள்.
காவிரி உறுப்பினர் விடவில்லை.
"அந்தம்மா எந்த ஆபீசுக்குப் போகணும்?
கட்டடத்தைச் சொல்லுங்க. எத்தனாவது மாடின்னு சொல்லுங்க."
கேள்வியை எழுதினேன்.
விடை வரவேண்டிய இடத்தில்
'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதினேன்.

அப்போதுதான் என் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது.
அம்மாவின் டயாலிசிஸ்.
பதினொரு தவணையில் இரண்டு விட்டுப்போயிருந்தன.
கவிழ்த்து வைப்பதற்குள் பொன்னுருவி பார்த்துவிட்டாள்.
அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம்
அவளுக்கு மனப்பாடம்.
"எடுத்துராதீங்கம்மா," என்றாள் மெல்ல. "அவங்கதான்."

தலைவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"
"ஒண்ணுமில்லைங்கய்யா."
'ஒன்றுமில்லை' என்பது குறிப்பில் இருக்கிறது.
அதற்கு முந்திய வரி இல்லை.
பத்தொன்பது வருட வேலையில்
கேட்டும் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

அறிக்கையில் பதினான்காம் பத்தியாக வரும்:
வசூல் ஆட்களை மாவட்டந்தோறும் பதிவுசெய்ய,
பில்லைக் கடனாக்குமுன் ஏழு நாள் அவகாசம் தர,
குழு பரிந்துரைக்கிறது.
துறையின் பதிலை எதிர்நோக்குகிறது.
நல்ல பத்தி. நானேதான் பிழை பார்ப்பேன்.
'எதிர்நோக்குகிறது' என்பதில் ஒற்று சரியாகத்தான் இருக்கும்.

வேன் இறங்கியது.
இப்போது பாறை தெரியும் என்றார் முன்சீட்டில் யாரோ.
பெருமாள்மலை வளைவில் சிக்னல் திரும்ப வந்து
பைக்குள் மறுபடி அதிர்ந்தது.
மணி பார்த்தேன்.
ஆறு ஐம்பத்திரண்டு.
விதிப்படி
இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.